கனி சாஞ்ச பக்கம்

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி போடட்டா? வேண்டாம்னு சொல்லாதிய. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இத்தனை மாசமாச்சு, இன்னைக்குத்தான் எங்க படி ஏறியிருக்கிய. எதுக்கு வந்திருக்கியன்னு எனக்குத் தெரியும். மரத்தை வெட்டணும், அதான? முகத்துலயே எழுதி ஒட்டிருக்கு. வெட்ட மாட்டேன். அதை மொதல்லயே சொல்லிட்டா நீங்க நிம்மதியா காப்பி குடிக்கலாம்லா.

கோவப்படாதிய. உங்க பாப்பா சைக்கிள் நெளிஞ்சு கெடந்ததை நானும் மாடியில நின்னு பாத்தேன். பிள்ளை அப்பதான் எறங்கித் தண்ணி குடிக்க உள்ள போயிருக்கு. கொப்பு விழுந்த சத்தத்துக்கு நீங்க போட்ட கூப்பாட்டுல தெருவே கூடிட்டு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு எல்லாரும் சொன்னாவ. எனக்கு வேற வெசனம். அதைத்தான் சொல்லப்போறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, வெட்டலாமா கூடாதான்னு.

நீங்க கோயமுத்தூர்க்காரங்கல்லா? உங்க பக்கம் இது உண்டுமோ என்னமோ. எங்க திருநவேலிப் பக்கத்துல கல்யாணம் ஆவாம செத்துப்போன பொம்பளப் பிள்ளையைப் போனா போவுதுன்னு விட்டுற மாட்டோம். வீட்டுக் கன்னின்னு வச்சுக் கும்பிடுவோம். ஒரு ஓலைப்பெட்டியில அவளுக்குன்னு பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் இருக்கும். வருசத்துக்கு ஒருதரம் பழைய துணியை எடுத்துட்டுப் புதுத்துணி வைக்கணும். மறந்தா அந்த வீடு வெளங்காது. எங்க வீட்டுக் கன்னி எம்மக தங்கக்கனி. கனி, கனின்னுதான் கூப்பிடுவோம். ஒத்தைப் பிள்ளை. பன்னெண்டாப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்துச்சு, டெங்குன்னாவ. போயிட்டா.

அய்ய, நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கிய? நானே அழலை. நான் அழுது முடிச்சாச்சு.

அவ அப்பா பிள்ளைம்மா. அதை ஒளிச்சு மறைக்க ஒண்ணும் இல்லை. நான் தலை பின்னுனா வலிக்குதும்பா, இழுக்காதம்பா. அவுக கோணல்மாணலா பின்னிவிட்டா அப்படியே ஸ்கூலுக்குப் போவா. நான் வச்ச கொழம்புல உப்பு கூடும், அவுக வாங்கிட்டு வந்த ஓட்டல் புரோட்டா மட்டும் அமிர்தம். நான் அதட்டுவேன், அவுக கொஞ்சுவாவ. வீட்டுல ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டு இருந்தா பிள்ளை எங்கயாவது உருப்படுமா? யாராவது ஒருத்தர் அதட்டணும்லா. அந்தப் பாவம் எந்தலையில விடிஞ்சுது. ஆஸ்பத்திரியில எங்கிட்ட கடைசியா என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, நீ கொஞ்சம் வெளிய இரு. அப்பாவை வரச் சொல்லு." அம்புட்டுத்தான். வெளிய இருக்கச் சொன்னா, நான் வெளிய வந்து நின்னேன். பொறவு அவுகதான் கதவைத் தெறந்துக்கிட்டு வந்தாவ. உள்ள என்ன பேசுனான்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தேன், வருசக்கணக்கா கேட்டேன். "ஒண்ணும் பேசலைளா, தூங்குனா"ன்னாவ. சொல்லுவாவளா? அது அப்பனுக்கும் மகளுக்கும் உள்ளது.

காப்பியைக் குடிங்க, ஆறிப்போவும்.

மரத்துக்கு வாரேன். இந்த வேம்பு நாங்க வீடு கெட்டும்போதே நின்னுது. நல்ல நெழலு, அதுக்காவத்தான் அந்தப் பக்கம் அடுக்களையை வச்சோம். கனி போன மறு ஆடியில ஒருநாள் காலையில பாக்கேன், கவட்டையில இருந்து வெள்ளையா நொரை நொரையா வடியுது. பால்! ஒரு வாடை வேற, பதநீ புளிச்ச மாதிரி. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. தெருச் சனமெல்லாம் வந்துட்டு. மஞ்சளைக் கொண்டா, குங்குமத்தைக் கொண்டான்னு ஒரே அமர்க்களம். அம்மன் எறங்கியிருக்கான்னாவ. நான் ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். ஆனா எனக்குத் தெரியும், அது யாருன்னு. எப்படித் தெரியும்னு கேளுங்க. பால் வடிஞ்சது அடுக்களை ஜன்னலைப் பாத்து. அடுக்களையில யாரு நிப்பா? நான்தான நிப்பேன். அவுக அடுக்களைப் பக்கமே எட்டிப் பாக்காத மனுசன். எம்பிள்ளை மொதமொதலா என்னைத் தேடி வந்திருக்கா.

அவுக வந்து மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாத்தாவ. "ஏளா, மரத்துக்கு ஏதோ சீக்குளா"ன்னாவ. எனக்கு வந்துச்சே கோவம்! பெத்த பிள்ளையைப் பாத்து சீக்குன்னு சொல்லுத வாயை என்ன செய்ய?

பொறவு நான் அவளை நல்லா வச்சிருந்தேன்மா. குறை சொல்ல முடியாது. ஓலைப்பெட்டியை வீட்டுக்குள்ள இருந்து தூக்கிக் கொண்டுபோயி மரத்தடியில வச்சேன். கொத்தனாரை வரச்சொல்லிச் சுத்தி மேடை கெட்டுனேன். வேரு தொடைத் தண்டிக்கு நாலு பக்கமும் ஓடிக்கெடந்துச்சு, மேடை சதுரமா வரமாட்டேங்குன்னான். வெட்டுடான்னேன். வெட்டிட்டு, தூரைச் சுத்தி இடுப்பு ஒசரத்துக்கு சிமிண்டு பூசி, மேல டைல்ஸ் ஒட்டி, பாக்குததுக்குக் கோயில் மாதிரி இருந்துச்சு. மணி தொங்கவிட ஆணி, வளையல் மாட்ட ஆணி, மாலை போட ஆணின்னு ஆணியா அடிச்சேன். வெள்ளிக்கெழமை தவறாம ஒரு செம்பு பாலும் ஒரு வாளி மஞ்சத்தண்ணியும் தூருல ஊத்துவேன். எந்தப் பிள்ளைக்கு இப்படிச் செய்வாவ? உயிரோட இருக்கும்போது கூட நான் அவளுக்கு இப்படிச் செஞ்சதில்லை.

அவளும் பதில் சொன்னா. ஒண்ணொண்ணா சொன்னா. மழை பெஞ்சா தூருல குடை குடையா காளான் பூக்கும், வெள்ளை வெளேர்னு. இவுக அதைக் குச்சியால நோண்டிப் பாத்து, "உள்ள இத்துப்போச்சுளா, இல்லேன்னா காளான் வராது"ன்னாவ. கன்னிக்கு எவன் குடை பிடிப்பான், அவளே பிடிச்சுக்கிட்டான்னேன் நான். மேக்கால உள்ள கொப்பெல்லாம் மொட்டையாப் போச்சு. இவுக ஐயோ பட்டுப்போச்சுன்னாவ. அவளுக்கு எப்பவுமே வெயில் வேணும்னேன். மரம் வீட்டைப் பாத்து லேசா சாஞ்சுது. உள்ள வரணும்னு நெனைக்கான்னேன். ஒருநாள் இவுக காய்கறிக் கடையில தர்ப்பூசணியைத் தட்டிப் பாக்குத மாதிரி வெரலை மடக்கித் தட்டித் தட்டிப் பாக்காவ. டொக்கு டொக்குன்னு கேக்கு. "ஏளா, உள்ள ஒண்ணுமே இல்லை, வெறும் கூடு"ன்னாவ. பிள்ளை மேல கை ஓங்காதியன்னு சொல்லி எழுப்பிவிட்டேன்.

பொறவு மேடை ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு டைல்ஸ் பொளந்துது. தரையில வெரல் போற வெடிப்பு. அதைப் பாத்த அன்னைக்குத்தான் அவுக பயந்துட்டாவ. பின்ரூம்ல படுக்க மாட்டேன்னு முன்பக்கம் பட்டாசால்ல வந்து பாயை விரிச்சாவ. எனக்கு என்ன தெரியுமா? காத்தே இல்லாத மத்தியானத்துல அவ வளையல் கிலுகிலுன்னு ஆடும். ஒரு இலை அசையாது, வளையல் மட்டும் ஆடும். நான் அடுக்களையில ஜன்னலோட நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். சோறு அடிபிடிச்சுக்கூடப் போயிருக்கு. என்ன சொல்லுதாளோ, என்ன சொல்லுதாளோன்னு இருக்கும். அவுகளைக் கூப்பிட்டுக் காட்டுனேன். காதை வச்சுக் கேட்டாவ. கேட்டுட்டு, அம்மாடி, அவுக மூஞ்சி வெளுத்துப்போச்சு. "காத்து இல்லாம எப்படிளா ஆடும்? மரமே நவுருதுளா!"ன்னாவ.

அப்பவும் நான் சும்மாதான் இருந்தேன். சப்பாணிமுத்துன்னு ஒருத்தன், மரம் அறுக்குதவன், அவனை எனக்குத் தெரியாம கூட்டிட்டு வந்தாவ பாருங்க, அதுதான் பொறுக்கலை. அவன் தூருல ஒரு கம்பியைக் குத்துனான். கம்பி வெண்ணையில போற மாதிரி உள்ள போச்சு. "மேல பச்சையா இருக்கதைப் பாத்து ஏமாந்துராதிய அண்ணாச்சி, வீட்டு மேல வாரதுக்கு முன்னால எறக்கிருவோம், ஞாயித்துக்கெழமை வாரேன்"ன்னான். உன் கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்கன்னு வெரட்டிவிட்டேன். அவுக அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கனி இல்லைளா. கனி போயிட்டா. இது மரம்ளா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாவ. எனக்கு அழுகை வரலை. உங்களுக்கென்ன, உங்களுக்கு அவ போறப்பவே சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கா. அதை வெட்டணுமாக்கும்?

சரி, வெட்டுங்கன்னுட்டேன். ஆமா, நானேதான் சொன்னேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரி இல்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? தெய்வம் குடியிருக்க மரத்தை உத்தரவு கேக்காம வெட்டுனா குடும்பம் தாங்குமா? மரத்தைத் தொட்டு, வேற எடம் பாத்துத் தாரேன், எறங்கிக்கோன்னு கேக்கணும். பல்லி சொல்லணும், இல்லை பூ விழணும். அதுக்குப் பொறவுதான் கோடாலி. "நீங்களே கேளுங்க. அப்பன் கேட்டா அவ தட்டமாட்டா"ன்னேன்.

அவுகளுக்கு அதுக்கடியில போவ மனசில்லை. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா பொறவாசப்படியிலயே நின்னாவ. "இங்கன நின்னே கேக்கேன்ளா"ன்னாவ. பெத்த பிள்ளைகிட்ட எட்டி நின்னா பேசுவீய? கிட்டப் போயி கையை வச்சுக் கேளுங்கன்னேன். நான் என்ன தப்பாச் சொன்னேன்? வழக்கத்தைத்தான சொன்னேன். நீங்களே சொல்லுங்க, இதுல எங்க தப்பு இருக்கு?

வெள்ளிக்கெழமை. மழை விட்டு நல்ல வெயில் அடிச்சுது. குளிச்சு, வேட்டி மாத்தி, சூடன் தட்டை எடுத்துக்கிட்டு எறங்குனாவ. நான் ஜன்னல்ல நிக்கேன். மேடை மேல ஏறி, இடது கையைத் தூருல வச்சாவ. வாய் அசையுது. உத்தரவு கேக்க ஒரு வார்த்தை போதும்லா? இவுக பேசிக்கிட்டே இருக்காவ. மகள்கிட்ட சொல்ல அம்புட்டு இருந்திருக்கு பாருங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாத மனுசன். அப்பம் வளையல் அம்புட்டும் ஒரே நேரத்துல குலுங்குச்சு. அவுக அண்ணாந்து பாத்தாவ. அவுக முகம் அப்படியே மாறிட்டு. பயம்னு நீங்க சொல்லுவிய, எல்லாரும் அதான் சொல்லுதாவ. ஜன்னல்ல நின்னு பாத்தது நான். அது பயம் இல்லை. ஆஸ்பத்திரிக் கதவைத் தெறந்துக்கிட்டு உள்ள போவும்போது எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு.

பொறவு மரம் நடுவால பொளந்து பாதி அப்படியே உக்காந்துட்டு. சத்தம் கூடப் பெருசா இல்லை. சூடன் தட்டு மட்டும் உருண்டு உருண்டு வந்து அடுக்களைச் செவுத்துல மோதி நின்னுது.

உத்தரவு கேட்டாவ, உத்தரவு குடுத்துட்டா. கூடவே கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அவுக அக்கா, சாப்பாட்டுப் பந்தியில நாலு பேருக்கு முன்னால, "எந்தம்பியை நீதான்டி அனுப்பிக் கொன்னே"ன்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாவ. அவியளுக்கு என்ன தெரியும்? எனக்கு அவியமேல கோவமே இல்லைம்மா. எனக்குக் கோவம் அவமேல. எம்மக மேல. கேளுங்க, மேடை கெட்டுனது யாரு? பால் ஊத்துனது யாரு? சோறு அடிபிடிக்க ஜன்னல்ல நின்னது யாரு? நாந்தான! ஒத்தநாள் வந்து கையை வச்ச மனுசனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில வெளிய நிறுத்துன மாதிரி இன்னைக்கும் என்னை ஜன்னலுக்கு இங்கிட்டே நிறுத்திட்டா. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாவ?

விழுந்த பாதியை அறுத்து எடுத்துட்டுப் போனாவ. நிக்குத பாதியையும் எடுத்துருவோம்மான்னு ஆளாளுக்குச் சொன்னாவ. சப்பாணிமுத்து கூட வந்து வாசல்ல நின்னான். நான் மேடையில ஏறி உக்காந்துக்கிட்டேன், மொதல்ல என்னை அறுங்கடான்னு. போயிட்டாவ. நீங்க உங்க மொட்டைமாடியில இருந்து பாத்திருப்பிய, உள்ளுக்குள்ள கன்னங்கரேர்னு பொந்தா, ஒரு ஆள் நிக்கலாம். அதுக்குள்ளதான் இப்ப வெளக்கு வைக்கேன்.

கட்டிலையும் அங்கனயே கொண்டுபோயிப் போட்டேன். உங்க வீடு அப்பம் பூட்டிக்கெடந்துச்சு. நார்க்கட்டில், அது மேல ஒரு சமுக்காளம். சாப்புடுததும் அங்கன, படுக்குததும் அங்கன. சித்திரை வெயில்ல படுத்தேன். ஆனிச் சாரல்ல படுத்தேன். காத்து வீசும், கிரீச்சு கிரீச்சுன்னு மேல ஒரு சத்தம் கேக்கும், நான் கண்ணை மூடிக்கிட்டு, "வா கனி, அம்மா இங்கனதான் இருக்கேன்"ம்பேன். ஒரு சுள்ளி விழலைம்மா. ஒரு சுள்ளி! காஞ்ச எலை கூட எனக்கு அங்கிட்டுப் போயித்தான் விழும். நீங்க என்னைக் கிறுக்கின்னு நெனைக்கிய. நெனைச்சுட்டுப் போங்க.

அப்பம்தான் நீங்க குடிவந்திய. உங்க பாப்பா ஜன்னல்ல நின்னு மரத்தைப் பாத்துக் கை ஆட்டும். நான் கட்டில்ல கெடந்து பாப்பேன். பிள்ளை ரெட்டைச்சடை போட்டுக்கிட்டு, பாக்க லெச்சணமாத்தான் இருக்கு, குறை சொல்லக்கூடாது. அது வந்ததுல இருந்து துளிரு எல்லாம் உங்க பக்கம்தான் விடுது. என் பக்கம் வெறும் பட்டை. அந்தப் பட்டையும் உரிஞ்சு உரிஞ்சு விழுது. மேடை இங்கிட்டு ஒரு சாண் தூக்கிட்டு, பாத்தியளா? அப்படின்னா எங்கிட்டுச் சாயுதான்னு ஒரு கணக்கு இருக்குல்லா. உங்க பக்கம் சாயுதா. போன வாரம் அந்தக் கொப்பு உங்க பாப்பா சைக்கிள் மேல விழுந்துச்சுல்லா, நீங்க கூப்பாடு போட்டிய. நான் மாடியில நின்னு வயிறெரிஞ்சேன். இத்தனை மாசம் அடியில கெடக்கேன், எனக்கு ஒரு கொப்பு போடலை. நேத்து வந்த பிள்ளைக்குப் போடுதா.

ஏன்மா எழுந்திரிக்கிய? உக்காருங்க. நான் உங்களைப் பயமுறுத்தவா உக்கார வச்சுப் பேசுதேன்? நீங்க மரத்தைக் கேட்டு வந்திய. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு எத்தனையோ நாளா நெனைச்சுக்கிட்டு இருக்கேன், வாய் வரலை. இன்னைக்கு நீங்களா வந்துட்டிய.

வெட்டுத பேச்சை விடுங்க. உங்க பாப்பா படுக்குத ரூம்பு, எங்க செவுத்தை ஒட்டி ஜன்னல் வச்ச ரூம்பு, அதுதான? பாப்பாவை நீங்க உள்ள உங்ககூடப் படுக்கப் போட்டுக்கிடுங்க. பச்சைப் பிள்ளை, அது எதுக்கு அங்கன? அந்த ஜன்னலுக்குக் கீழ எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் குடுங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சாப்பாடு எங்க வீட்டுல இருந்தே கொண்டாந்துருவேன். சத்தம் போடமாட்டேன், உங்க வீட்டுல எதையும் தொடமாட்டேன், ஒரு மூலையில கெடப்பேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. வெகுநாளைக்குக் கேக்கலை தாயி. இந்த ஐப்பசி மழை முடியுத வரைக்கும் போதும். அதுக்கு மேல மரம் நிக்காது.